நூலகத்துக்கு ஒரு பாட்காஸ்ட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் உதவிக் கவுண்டரில் வேலை செய்கிறேன். நூலகத்துக்காகத் தமிழில் ஒரு சிறிய பாட்காஸ்ட் நடத்தத் தொடங்கியதிலிருந்து மற்ற வளாக நூலகர்கள், விரிவுரையாளர்கள், மாணவர்கள் என்று பலரும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சந்தேகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். இதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

பாட்காஸ்ட்னா என்னா அக்கா? யூடியூப்ல போடுறதும் அதுவும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. பாட்காஸ்ட் என்பது தொடராக வரும் ஒலிப்பதிவு. ஒவ்வொரு பதிவும் இணையத்தில் ஓர் எம்பி3 கோப்பாக இருக்கும். அந்தக் கோப்புகளின் பட்டியலை ஆர்எஸ்எஸ் என்ற சிறிய எழுத்துக் கோப்பு வைத்திருக்கும். கேட்பவரின் கைப்பேசிச் செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதிது வந்திருந்தால் கொண்டுவந்து வைக்கும். ஒருமுறை பின்தொடர்ந்தால் போதும். அப்புறம் தேடிப் போக வேண்டியதில்லை. முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் கேட்கலாம். இந்தச் சொல்லை 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதினார். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்த பிறகு அது பரவலாயிற்று.

தமிழில் வலையொலி என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் நம் நாட்டில் யூடியூப்பை வலையொளி என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. எழுத்தில் லி, ளி வேறுபாடு தெரிகிறது. கவுண்டரில் வாயால் சொன்னால் மாணவர்கள் நேராக யூடியூப்பைத் திறக்கிறார்கள். அதனால் இங்கே பாட்காஸ்ட் என்றே எழுதுகிறேன்.

மின்னல் எஃப்எம் இருக்கு, ராகா இருக்கு. லைப்ரரி எதுக்கு ரேடியோ நடத்தணும்?

வானொலி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பேசுகிறது. நாம் கொஞ்சம் பேருக்கு, அவரவருக்குத் தேவைப்படும் நேரத்தில் பேசுகிறோம். ஆய்வேடு ஒப்படைக்க மூன்று நாள் இருக்கும்போது, இரவு 11 மணிக்கு ஒரு மாணவருக்கு வரும் சந்தேகத்துக்கு எந்த வானொலியிலும் பதில் கிடைக்காது. அந்த நேரத்தில் கவுண்டரிலும் ஆள் இருக்க மாட்டார்.

இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரியது. ஒருநாள் ஒரு மாணவி கவுண்டருக்கு வந்து பிரிண்டர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். சற்று நேரத்தில் திரும்பி வந்து ஸ்டேப்ளர் கேட்டார். மூன்றாவது முறை வந்தபோது மாணவர் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தமிழில், மெல்லக் கேட்டார்: "அக்கா, ஜர்னல் ஆர்ட்டிக்கல்னா என்னா? புத்தகத்துலேர்ந்து அது எப்படி வேற?" அவர் மூன்றாம் ஆண்டு மாணவி. மூன்று ஆண்டாக இந்தக் கேள்வியை உள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். ஹெட்போனுக்குள் ஒரு குரல் அதைப் பொறுமையாகச் சொன்னால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. எங்கள் பாட்காஸ்டில் உருப்படியான முதல் பதிவு அவர் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

எவ்வளவு நேரம் இருக்கணும்? எங்க மேலதிகாரி அரை மணி நேரமாவது வேணும்னு சொல்றாரு.

ஆறிலிருந்து எட்டு நிமிடம். ஒரு பதிவுக்கு ஒரு சந்தேகம். அவ்வளவுதான்.

நான் தொடங்கியபோது 25 நிமிடத்துக்கு "நூலக அறிமுகம்" என்று ஒரு வரிசை செய்தேன். திறக்கும் நேரம், தாமதக் கட்டணம், எந்த மாடியில் என்ன இருக்கிறது என்று எல்லாம் சொன்னேன். இரண்டு வாரம் உழைத்தேன். அடுத்த செமஸ்டரில் திறக்கும் நேரம் மாறிவிட்டது, பதிவு முழுக்கப் பழசாகிவிட்டது. அதற்குள் கேட்டவர்களும் மிகச் சிலர். அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டியதை மைக்கில் சொன்னதுதான் பிழை. மாறக்கூடிய தகவலை இணையப் பக்கத்தில் வையுங்கள். பதிவில் "நேரத்தை எங்கள் பக்கத்தில் பாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

அரை மணி நேரம் நேர்காணலுக்குப் பொருந்தும். ஓர் ஆய்வாளர் தன் தேடலைப் பற்றிச் சுவையாகப் பேசினால் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிற மாணவர் கேஎல் சென்ட்ரல் வரை கேட்டுக்கொண்டு வருவார். ஆனால் அப்படிப்பட்ட பேச்சாளர் வாரம் ஒருவர் கிடைக்க மாட்டார்.

அப்ப என்னதான் பேசுறது? லைப்ரரியில பேசுற அளவுக்கு விஷயம் இருக்கா?

கவுண்டரில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் வாயிலிருந்து வந்த சொல்லிலேயே எழுதுங்கள். பெயர் எழுத வேண்டாம், கேள்வி மட்டும் போதும். ஒரு செமஸ்டருக்கு 14 வாரம். நான்காவது வாரத்திலேயே பத்துப் பதிவுக்கு வேண்டியது சேர்ந்துவிடும்.

என் நோட்டில் இருந்த ஒன்றைச் சொல்கிறேன். "சிலப்பதிகாரம் நம்ம லைப்ரரியில இல்லையா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அலமாரியில் பல பதிப்புகள் இருக்கின்றன. அவர் கணினியில் ஆங்கில எழுத்து எஸ்ஸில் தொடங்கித் தட்டியிருந்தார். பட்டியலில் அது ஆங்கில எழுத்து சியில் (C) தொடங்குகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அமெரிக்க நூலகச் சங்கமும் சேர்ந்து வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறையில் தமிழின் ச எப்போதும் ஆங்கிலச் சிதான். அதே போல் தொல்காப்பியம், திருக்குறள் என்று தேடும்போது நாம் டி போட்டு எச் சேர்க்கிறோம். அந்த முறையில் எச் வராது. ழகரத்துக்கு நாம் இசட், எச் என்று அடிக்கிறோம். அங்கே அது கீழ்க்கோடு போட்ட எல். இந்த முறையைப் பின்பற்றும் பட்டியலில் "இல்லை" என்று கணினி சொன்ன எத்தனையோ நூல்கள் உண்மையில் இருக்கின்றன. இதை ஏழு நிமிடத்தில் சொன்னேன். காதுக்கு ஏற்ற விஷயம் இது, ஏனென்றால் சிக்கலே ஒலியில்தான் இருக்கிறது.

நூலகத்தில் இருப்பது தெரியாமலே கிடக்கிற சேகரிப்புகளைப் பற்றியும் பேசலாம். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கே கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அப்போது அங்கே இந்திய ஆய்வியல் துறையில் இருந்த தனிநாயகம் அடிகள் அதன் பின்னால் இருந்தார். அந்த மாநாட்டின் கட்டுரைத் தொகுதிகளைக் கையில் எடுத்து, பொருளடக்கத்திலிருந்து இரண்டு தலைப்புகளை வாசித்து, "இது எந்த மாடியில் இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தமிழ் படிக்கிற மாணவர் எழுந்து வருவார்.

தேடுறதைக் காதால எப்படிக் கத்துக் கொடுப்பீங்க? திரையைக் காட்டணுமே.

நீங்கள் சொல்வது சரி. "மேலே வலப்பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள்" என்று ஒலியில் சொல்வது வீண். கேட்பவர் ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பொத்தான், மெனு, வடிகட்டி எல்லாவற்றையும் இரண்டு நிமிடத் திரைப்பதிவாகச் செய்து பதிவின் குறிப்பில் இணைப்புக் கொடுங்கள்.

ஒலிக்குப் பொருத்தமானது எப்படி யோசிப்பது என்பது. தமிழ்ப்பள்ளிகளைப் பற்றி ஒருவர் ஆய்வு செய்கிறார் என்று வையுங்கள். "தமில் ஸ்கூல்" என்று ஆங்கிலத்தில் தேடினால் சில கட்டுரைகள் வரும். "செகோலா ஜெனிஸ் கெபங்சாஆன் தமில்" என்று மலாயில் தேடினால் வேறு கட்டுரைகள். "வெர்னாகுலர் ஸ்கூல்" என்றால் இன்னொரு கூட்டம். இவற்றை "ஆர்" போட்டு இணைத்தால் மூன்றும் சேர்ந்து வரும், "அண்ட்" போட்டால் எல்லாச் சொல்லும் உள்ளவை மட்டும் வரும். ஒரு மாணவரை உட்கார வைத்து, அவர் தலைப்பை எடுத்துக்கொண்டு, வேறு என்ன பெயரில் இதைச் சொல்வார்கள் என்று இருவரும் வாய்விட்டு யோசிப்பதைப் பதிவு செய்தேன். நடுவில் அவரே "ஓ, அப்ப எஸ்டேட் ஸ்கூல்னும் போடலாம்ல?" என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்த எதையும்விட அந்த ஒரு வரிதான் கேட்டவர்களுக்குப் பிடித்தது.

அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2016-இல் ஏற்றுக்கொண்ட தகவல் எழுத்தறிவு (தகவலைத் தேடி, மதிப்பிட்டுப் பயன்படுத்தும் திறன்) சட்டகத்தில் ஆறு கருத்துகள் இருக்கின்றன. ஒரு தகவலின் நம்பகத்தன்மை சூழலைப் பொறுத்தது, ஆய்வு என்பது கேள்வியிலிருந்து கேள்விக்குப் போவது, புலமை என்பது ஓர் உரையாடல் என்பன அவற்றில் சில. இவை ஆளோடு ஆள் பேசினால்தான் புரியும். வகுப்புக்கு முன்பே ஏழு நிமிடத்தைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், வகுப்பு நேரத்தைக் கணினி முன் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். விரிவுரையாளர் பாடத்திட்டத்தில் இணைப்பைப் போட்டால் கேட்பார்கள். நாம் சுவரொட்டி ஒட்டினால் அந்த அளவுக்குக் கேட்பதில்லை.

தமிழ்ல நடத்தினா மத்தவங்களை ஒதுக்குற மாதிரி ஆகாதா?

மலாயிலும் ஆங்கிலத்திலும் நூலகத்தின் எல்லா வழிகாட்டிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழில் ஒன்றைச் சேர்ப்பதால் யாருக்கும் எதுவும் குறையப்போவதில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன மாணவியை நினைத்துப் பாருங்கள். அவர் பாடமெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் படிக்கிறார், ஆனால் தெரியாது என்று ஒத்துக்கொள்வதற்கு அவருக்குத் தமிழ் வேண்டியிருந்தது.

கலைச்சொல்லில் கவனம் வேண்டும். ரெஃபரன்ஸைச் "சான்றாதாரம்" என்றும் டேட்டாபேஸைத் "தரவகம்" என்றும் மட்டும் சொன்னால் கணினித் திரையில் அந்தச் சொல்லை அவர் பார்க்கவே மாட்டார். முதல்முறை தமிழ்ச் சொல்லையும் திரையில் தெரியும் சொல்லையும் சேர்த்தே சொல்வேன், அப்புறம் எது எளிதோ அது. அதே பதிவை மலாயில் செய்ய ஒரு சக ஊழியர் முன்வந்தால் கேள்வி நோட்டைக் கொடுத்துவிடுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், அவர் பாணியில் பேசட்டும்.

எனக்குக் குரல் நல்லா இருக்காது. நான் செய்யலாமா?

செய்யுங்கள். கவுண்டரில் உங்களிடம் வருகிற மாணவர் உங்கள் குரலைப் பார்த்தா வருகிறார்? எதிரில் ஒரு மாணவரை உட்கார வைத்து அவரிடம் பேசுங்கள். சுவரைப் பார்த்துப் பேசினால் எல்லார் குரலும் அறிவிப்பு மாதிரிதான் ஆகும்.

ஸ்டூடியோ இல்ல, பட்ஜெட்டும் இல்ல. எங்க, எதுல பதிவு பண்றது?

கைப்பேசியில் தொடங்கலாம். மைக்கைவிட இடம் முக்கியம். குழு விவாத அறையைத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள், ஆனால் ஒலிப்பதிவுக்கு அதைவிட மோசமான இடம் நூலகத்தில் இல்லை. நான்கு பக்கமும் கண்ணாடி, வெறும் மேசை, குரல் மோதி மோதித் திரும்பும். கிணற்றுக்குள் பேசியது போல் இருக்கும். அதை எடிட்டில் சரி செய்யவும் முடியாது.

பழைய இதழ்களைக் கட்டி அடுக்கியிருக்கும் பகுதிக்குப் போங்கள். இரு பக்கமும் கூரை வரை காகிதம். காகிதம் ஒலியை உறிஞ்சும், புத்தக முதுகுகளின் மேடு பள்ளம் அதைச் சிதறடிக்கும். அங்கே ஆளும் வருவதில்லை. நான் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைக்கிறேன். நேரே வைத்தால் ப வரும்போதெல்லாம் காற்று மைக்கில் அடிக்கும். "அப்பப்ப" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். ஏர்கோன் துவாரத்துக்கு நேர் கீழே உட்காராதீர்கள்.

காலையில் பதிவு செய்யுங்கள். கேஎல்லில் மாலை மழை இடியோடு வந்தால் அன்றைய வேலை போச்சு. பணம் கிடைத்தால் முதலில் ஒரு யுஎஸ்பி மைக் வாங்குங்கள். மிக்சர், சுவரில் ஒட்டும் ஒலித்தடுப்புப் பேனல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர்? எந்த அளவுல சேவ் பண்ணணும்?

ஆடாசிட்டி போதும். இலவசம், 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நான் செய்வது மூன்றுதான்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் உறுமலை வெட்டுவேன், நீண்ட மௌனங்களையும் தடுமாற்றங்களையும் எடுப்பேன், ஒலி அளவைச் சமப்படுத்துவேன். ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). இதைச் செய்யாவிட்டால் ஒரு பதிவு கத்தும், அடுத்தது முணுமுணுக்கும். எல்லா "ம்ம்" சத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள். மனிதர் பேசுவது போல் இருக்க வேண்டும்.

பேச்சுக்கு மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 போதுமானது. நிமிடத்துக்கு அரை எம்பிகூட ஆகாது. ஏழு நிமிடப் பதிவு சுமார் 3.4 எம்பி. டேட்டாவை எண்ணிச் செலவு செய்கிற மாணவருக்கு இது பெரிய உதவி. மூலப்பதிவை மட்டும் வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஏழு நிமிடத்துக்கு 37 எம்பி வரும். அதை ஏன் வைக்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முகப்புப் படம் சதுரமாக, ஆப்பிளுக்குக் குறைந்தது 1400க்கு 1400 புள்ளிகள் வேண்டும்.

ஸ்கிரிப்ட் எழுதிப் படிக்கணுமா?

முதல் நான்கு வரியையும் கடைசி இரண்டு வரியையும் எழுதுங்கள். நடுவில் குறிப்புகள் மட்டும். முழுவதும் எழுதினால் எழுத்துத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்ளும்: "மேற்கூறிய கருத்தினை அடிப்படையாகக் கொண்டு..." என்று. அதைக் கேட்டுக்கொண்டு யார் பேருந்தில் வருவார்? ஆனால் நூல் பெயர், ஆண்டு, இணைய முகவரி ஆகியவற்றை எழுதி வைத்துப் பாருங்கள். நினைவிலிருந்து சொல்லாதீர்கள்.

தொடக்கத்துல சினிமாப் பாட்டு ஒரு 10 செகண்ட் போட்டுக்கலாமா? 10 செகண்ட் வரைக்கும் பரவாயில்லையாமே?

கூடாது. அப்படி ஒரு பத்து விநாடி விதி மலேசியச் சட்டத்தில் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1987, ஆய்வு, சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. நுழைவு இசையாகப் போடுவது அதில் சேராது.

"பாரதியார் பாட்டு போடலாமே" என்று அடுத்து கேட்பார்கள். ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு கடந்தால் எழுத்துக்கு இங்கே பதிப்புரிமை முடிகிறது. பாரதியார் 1921-இல் மறைந்தார், ஆகவே வரிகளுக்குத் தடையில்லை. நீங்களே வாசிக்கலாம். ஆனால் பின்னால் வந்த ஒருவர் போட்ட மெட்டும், ஒரு பாடகர் பாடிய ஒலிப்பதிவும் தனித்தனி உரிமைகள். எங்கள் பாட்காஸ்டின் தொடக்க இசை இசைக்கழக மாணவர் ஒருவர் புல்லாங்குழலில் வாசித்த எட்டு விநாடி. சொந்தமாக அமைத்தது. எழுத்தில் அனுமதி வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.

டேட்டாபேஸ்ல இருக்கிற கட்டுரையை அப்படியே படிச்சுக் காட்டலாமா? நாமதானே சந்தா கட்டுறோம்.

சந்தா படிப்பதற்கு, அதுவும் நம் வளாகத்தாருக்கு. பாட்காஸ்ட் உலகத்துக்கே திறந்தது. முழுக் கட்டுரையை வாசித்து வெளியிட்டால் பதிப்பகத்தோடு செய்த உரிம ஒப்பந்தத்தை மீறுகிறோம். கட்டுரை என்ன சொல்கிறது என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஓரிரு வரி மேற்கோள், குறிப்பில் இணைப்பு. விருந்தினரிடமும் மாணவரிடமும் பதிவுக்கு முன்பே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பின்னர் வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடுவோம் என்பதையும் அதில் எழுதுங்கள். யார் எந்தப் புத்தகம் இரவல் எடுத்தார் என்ற பேச்சு மைக் முன் வரவே கூடாது.

காது கேளாத மாணவர் இருந்தா அவருக்கு இது பயன்படாதே?

எழுத்து வடிவம் இல்லாமல் ஒரு பதிவையும் வெளியிடாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. நூலகம் யாரையும் வாசலில் நிறுத்தக்கூடாது.

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் உதவும். ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் தமிழையும் மலாயையும் எழுதித் தருகிறது. ஆனால் நாம் பேசுவது மூன்று மொழி கலந்த தமிழ். "ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை ஹந்தார் பண்றதுக்கு முன்னாடி" என்று ஒரு வாக்கியம் வந்தால் (ஹந்தார் என்றால் மலாயில் அனுப்புவது) அது குழம்பிவிடும். ஏழு நிமிடப் பதிவைத் திருத்த எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த எழுத்து வீணாவதில்லை: கூகுளில் தேடுகிறவர் அதன் வழியாகத்தான் வருகிறார், சத்தமான இடத்தில் இருக்கிறவர் அதைப் படித்துக்கொள்கிறார்.

மேலிடத்துக்குக் கணக்குக் காட்டணும். எத்தனை பேர் கேட்டாங்கன்னு எப்படிச் சொல்றது?

பதிவிறக்க எண்ணிக்கையைச் சொல்லுங்கள், ஆனால் அதைக் கேட்டவர்களின் எண்ணிக்கை என்று சொல்லாதீர்கள். இணைய விளம்பரத் துறையின் அமைப்பான ஐஏபியின் வழிகாட்டிப்படி குறைந்தது ஒரு நிமிட ஒலி இறங்கியிருந்தால் அது ஒரு பதிவிறக்கம். செயலி தானாக இறக்கி வைத்து, மாணவர் தொடாமலே விட்டாலும் அது கணக்கில் வரும்.

நான் வேறு மூன்றைப் பார்க்கிறேன். பதிவு வெளியான பிறகு அதே கேள்வி கவுண்டரில் எத்தனை முறை வருகிறது என்பது ஒன்று. நோட்டுப் புத்தகம் இதற்கும் உதவும். சிலப்பதிகாரப் பதிவுக்குப் பிறகு "இல்லையா?" என்ற கேள்வி குறைந்து, "சி போட்டுத் தேடினேன், இதுவும் அப்படித்தானா?" என்ற அடுத்த கேள்வி வந்தது. வகுப்பு தொடங்கும்போது தாளில் எழுதச் சொல்லும் ஒரு வினா இரண்டாவது. எழுத்து வடிவப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்பது மூன்றாவது. ஒரு பாடப்பிரிவில் 40 மாணவர் இருந்து 30 பேர் கேட்டிருந்தால் அது பெரிய வெற்றி. ஆயிரக்கணக்கை எதிர்பார்க்கும் மேலதிகாரிக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அசைன்மென்ட்ல பாட்காஸ்டை மேற்கோள் காட்டலாமா? லெக்சரர் திட்டுவாரா?

காட்டலாம். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பில் அதற்கென்றே வடிவம் இருக்கிறது: நடத்துபவர் பெயர், வெளியான முழுத் தேதி, பதிவின் தலைப்பும் எண்ணும், ஒலிப் பாட்காஸ்ட் பதிவு என்ற குறிப்பு, தொடரின் பெயர், தயாரித்த நிறுவனம், இணைய முகவரி. நேரடி மேற்கோளுக்குப் பக்க எண்ணுக்குப் பதிலாக நிமிடம், விநாடி.

ஆனால் எதற்காகக் காட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ஓர் எழுத்தாளர் நேர்காணலில் தன் நாவலைப் பற்றிச் சொன்னது என்றால் அது முதன்மைச் சான்று, தாராளமாகக் காட்டுங்கள். ஒருவர் போகிற போக்கில் சொன்ன வரலாற்றுத் தகவல் என்றால் அதைத் துறை வல்லுநர் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார். அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தேடி அதைக் காட்டுங்கள். எங்கள் பாட்காஸ்டுக்கும் இதே விதிதான்.

ஏஐ குரல்ல செஞ்சா ஒரு நாளைக்கு பத்து எபிசோட் போடலாமே மேடம்?

போடலாம். யாருக்கு? ஜர்னல் ஆர்ட்டிக்கல் பற்றிக் கேட்ட அந்த மாணவி மூன்றாவது முறை திரும்பி வந்தது ஓர் ஆளைத் தேடித்தான். பதிவைக் கேட்டுவிட்டு "அந்தக் குரல் நீங்கதானா அக்கா?" என்று கவுண்டருக்கு வருகிறார்கள். அப்படி வந்தவரிடம்தான் அடுத்த உதவியைச் செய்ய முடிகிறது.

மாணவர்கள் தங்கள் படிப்புக்கு கூகுளின் நோட்புக்எல்எம் போன்ற ஏஐ கருவிகளில் கட்டுரையை ஒலி உரையாடலாக மாற்றிக் கேட்பதைத் தடுக்க நினைக்கவில்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். சந்தாத் தரவகத்தின் பிடிஎஃப்பை வெளிச் சேவையில் ஏற்றுவதற்கு உரிமம் இடம் தருகிறதா என்று எங்களிடம் கேளுங்கள். அது சொன்ன சுருக்கத்தைக் கேட்டுவிட்டுக் கட்டுரையைப் படித்ததாக எழுதாதீர்கள்.

ஸ்போட்டிஃபைல போட்டாச்சு. வேற எங்கயாவது சேமிக்கணுமா?

கட்டாயம். பல்கலைக்கழக விரிவுரைகளுக்காக ஆப்பிள் 2007-இல் தொடங்கிய ஐடியூன்ஸ் யூ 2021 முடிவோடு மூடப்பட்டது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் நின்றுபோனது. எவ்வளவு பெரிய நிறுவனம் என்பதை நம்பி நூலகத்தின் ஒலியை அங்கே மட்டும் விட முடியாது.

மேலே சொன்ன வேவ் கோப்பு இதற்குத்தான். அதையும் எழுத்து வடிவத்தையும் சம்மதப் படிவத்தையும் பல்கலைக்கழகத்தின் மின்காப்பகத்தில் சேர்த்து, டப்ளின் கோர் என்ற விவரக்குறிப்பு முறையில் தலைப்பு, பேசியவர், தேதி, பொருள், மொழி, உரிமை என்று விவரம் எழுதுங்கள். நூலகப் பட்டியலிலும் தொடருக்கு ஒரு பதிவு போடுங்கள். புத்தகத்துக்கு இதையெல்லாம் தினமும் செய்கிறோம், நம் சொந்த ஒலிக்குச் செய்ய மறந்துவிடுகிறோம்.

நீங்க மாற்றலாகிப் போயிட்டா இதை யாரு நடத்துவா?

இந்தக் கேள்வியைத் தொடங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அறிந்த ஒரு வளாகத்தில் நடத்தியவர் தன் சொந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியிருந்தார். அவர் போன பிறகு யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. பழைய தொலைபேசி எண்ணோடு அந்தத் தொடர் இன்னும் செயலிகளில் தெரிகிறது. நிறுத்தவும் முடியவில்லை, திருத்தவும் முடியவில்லை.

ஆகவே துறையின் பொது மின்னஞ்சலில் கணக்குத் தொடங்குங்கள். இரண்டு பேருக்காவது கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். சேவையை மாற்றும்போது பழைய ஆர்எஸ்எஸ் முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள். 301 திருப்பம் என்று கேட்டால் கணினிப் பிரிவினருக்குப் புரியும். அதைச் செய்யாவிட்டால் பின்தொடர்ந்தவர்களுக்குப் புதிய பதிவு போகாது. தொடர்ந்து நடத்த ஆள் இல்லை என்றால் "இத்துடன் இந்தத் தொடர் முடிகிறது, உதவிக்குக் கவுண்டருக்கு வாருங்கள்" என்று ஒரு நிமிடப் பதிவு போட்டு மரியாதையாக முடியுங்கள். நான் மாற்றலாகும் நாளில் என் இடத்துக்கு வருபவரிடம் கொடுக்க ஓர் உறை தயாராக இருக்கிறது: கடவுச்சொல், புல்லாங்குழல் மாணவரின் அனுமதிக் கடிதம், எந்த அலமாரிக்கு நடுவில் ஸ்டூலைப் போட வேண்டும் என்ற வரைபடம், அப்புறம் அந்தக் கேள்வி நோட்டு.